முப்பத்தாறு பேருக்கும் ஒரே புத்தகம்

எங்கள் அடுக்ககத்தில் புத்தாண்டு விழாவுக்குப் பிள்ளைகளுக்கான பரிசுகளை நான் வாங்கித் தருகிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் நானாகவே எழுதினேன். பதினோரு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். உங்களுக்கு நல்ல மனசு என்று ஒருவர் எழுதினார். நல்ல மனசெல்லாம் இல்லை. இரண்டாவது மாடியில் இருக்கும் அசோசியேஷன் செக்ரட்டரி அம்மாளைப் பழிவாங்க எனக்கு ஒரு வழி தேவைப்பட்டது. ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த வழி பரிசுப் பொட்டலத்துக்குள் இருக்கிறது என்று அந்த டிசம்பரில் தோன்றிவிட்டது.

முகப்பேரில் நாங்கள் இருப்பது மூன்று பிளாக், அறுபது வீடுகள் கொண்ட இடம். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். ஒரே மகள். இதெல்லாம் நடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. செக்ரட்டரிக்கும் அதே வயதில் ஒரு பெண் உண்டு. இரண்டு பேரும் ஒரே வேனில் பள்ளிக்குப் போய் ஒரே வேனில் திரும்பினார்கள். வந்த பிறகும் பிரிய மாட்டார்கள். பையோடு நேராக அந்த வீட்டுக்கோ எங்கள் வீட்டுக்கோ போய், இருட்டும் வரை படம் வரைந்துகொண்டிருப்பார்கள்.

முந்தைய வருடம் நவம்பரில், அரை நாள் பள்ளி வைத்த ஒரு சனிக்கிழமை, செக்ரட்டரி மகளின் வாட்ச் காணாமல் போனது. பிள்ளைகள் கட்டும் ஸ்மார்ட் வாட்ச், ரோஸ் நிற வார். மாலை நான்கு மணிக்கு அதன் படத்தைக் குழுவில் போட்டு, அதன் கீழே செக்ரட்டரி எழுதினார்: விளையாட வரும் குழந்தைகள் தெரியாமல் எடுத்துச் சென்றிருக்கலாம், பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளின் பைகளைச் சரிபார்க்கவும். பெயர் எதுவும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. அந்த வீட்டுக்குத் தினமும் போகிற பிள்ளை யார் என்று அறுபது வீட்டுக்கும் தெரியும்.

அரை மணி நேரத்தில் எங்கள் வீட்டு மணி அடித்தது. வாசலில் அவரே நின்றார். குரலில் தேன் ஒழுகியது.

"தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தைங்கதானே, தெரியாம பைக்குள்ள போட்டிருக்கும். ஒரு தடவை பாத்துட்டா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

முடியாது என்று சொன்னால் பைக்குள் இருக்கிறது என்றுதானே அர்த்தமாகும் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பையை எடுத்து வந்து, ஹாலின் நடுவில் தலைகீழாகக் கவிழ்த்தேன். பென்சில் டப்பா, கை துடைக்கும் துண்டு, பாதி கடித்த கடலை மிட்டாய், நாலாக மடித்த ஒரு படம். அந்தப் படம் சிநேகிதியின் பிறந்தநாளுக்காக என் மகள் வரைந்து வைத்திருந்தது. செக்ரட்டரி குனிந்து பென்சில் டப்பாவையும் திறந்து பார்த்தார். இல்லை என்றதும் சாரி என்று சொல்லிவிட்டுப் போனார். என் மகள் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொறுக்கப் போனபோது என் கையைத் தள்ளிவிட்டு, ஒவ்வொன்றாக அவளே எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் கீழே விளையாடப் போகவில்லை. வேனில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை சீட்டுக்கு மாறிக்கொண்டாள். பள்ளிவிட்டு வந்ததும் பால்கனியில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கீழே மற்ற பிள்ளைகள் ஓடுவதைப் பார்ப்பாள். கூப்பிட்டால் போக மாட்டாள். கூப்பிடுகிறவர்களும் குறைந்துபோனார்கள்.

பிப்ரவரியில் ஒரு காலை, வேன் கிளம்பிப் போன பிறகு, எங்கள் வளாகத்தில் கார் துடைக்கிறவர் என் பக்கத்தில் வந்து நின்றார். திருவேற்காட்டிலிருந்து விடியும் முன்பே சைக்கிளில் வருகிறவர்.

"பாப்பா கீழ வர்றதே இல்லியேம்மா. அந்த வாட்ச் மேட்டராலயா? அது அப்பவே கெட்ச்சிருச்சே. செக்ரட்டரி மேடம் கார்ல சீட்டுக்கு அடில கெடந்துது. நான்தான் எட்த்துக் குட்த்தேன். பத்து நாள்கூட ஆவல."

அவர் துணியைப் பிழிந்துகொண்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். நான் கேட் பக்கத்திலேயே நின்றேன். பத்து நாள். வாட்ச் கிடைத்த பிறகு மூன்று மாதம் அந்த அம்மாள் என்னோடு லிஃப்டில் ஏறி இறங்கியிருக்கிறார். பொங்கலுக்குக் கோலப் போட்டியில் என் மகளைக் கலந்துகொள்ளச் சொல்லி அனுப்புங்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். கையில் வாட்ச்சை வைத்துக்கொண்டு.

உடனே மேலே போய்க் கேட்டிருக்க வேண்டும். போகவில்லை. கணவரிடம் சொன்னபோது, இங்கேதானே இருந்தாக வேண்டும், விட்டுவிடு என்றார். அவரால் விட முடிந்தது. என்னால் முடியவில்லை. செக்ரட்டரி லிஃப்டில் இருந்தால் படியேறிப் போனேன். அவர் கார் பார்க்கிங் கோட்டைத் தாண்டி ஒரு சாண் நின்றாலும் படமெடுத்துக் குழுவில் போட்டேன். நவராத்திரிக்கு அவர் கொலுவுக்குப் போகவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சுண்டல் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். அடுப்படியில் அரை குண்டான் சுண்டல் இருந்தது. இதெல்லாம் எனக்குப் போதவில்லை. அவர் என்ன செய்தார் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும், ஆனால் நான் சொன்னதாக இருக்கக் கூடாது. சண்டைக்காரி என்று பெயர் வாங்காமல் சண்டை போட வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதற்குத்தான் அந்தப் புத்தகக் கடைக்குப் போனேன். எங்கள் தெருவிலிருந்து இரண்டு ஸ்டாப் தள்ளி, முன்பு ஜெராக்ஸ் கடையாக இருந்த ஒற்றை ஷட்டர். ஏறக்குறைய என் வயதுள்ள ஒரு பெண் நடத்துகிறார். கரையான்சாவடியில் பிறந்து வளர்ந்தவர். வருகிற பாதிப் பேர் புத்தகத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டு போய் ஆன்லைனில் வாங்குகிறார்கள் என்று, படமெடுப்பவர்களின் காதில் விழும்படியே சொல்லுவார். டிசம்பர் வந்தால் வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். ஆபீஸில் கிறிஸ்மஸுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு யாருக்கு யார் பரிசு என்று எடுத்தவர்கள் கடைசி நேரத்தில் ஓடி வருவார்கள். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, வாயில் டேப்பைக் கடித்துக்கொண்டு, எல்லாருக்கும் அவரே பொட்டலம் கட்டிக் கொடுப்பார்.

இரண்டு மதியம் அந்தக் கடையின் தரையில் உட்கார்ந்து பிள்ளைகள் புத்தகங்களாகப் புரட்டினேன். எனக்கு ஒரு திருட்டுப் பழி வேண்டும். யாராவது யாரையாவது பொய்யாகக் குற்றம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாம் நாள் அது கிடைத்தது. இருபத்து நான்கு பக்கம், பெரிய படங்கள். ஒரு காகம் பொறுக்கி வைத்திருந்த பளபளப்பான பாட்டில் மூடி காணாமல் போகிறது. அணில் குட்டிதான் எடுத்தது என்று காகம் மரத்துக்கு மரம் போய்ச் சொல்கிறது. எல்லாப் பறவைகளும் அணில் கூட்டைச் சோதனை போட வருகின்றன. கடைசியில் மூடி காகத்தின் கூட்டிலேயே, சுள்ளிகளுக்கு அடியில் கிடைக்கிறது. காகம் அதை யாரிடமும் சொல்லாமல் கொண்டுபோய்க் குளத்தில் போட்டுவிடுகிறது. அணில் குட்டி அதைப் பார்த்துவிடுகிறது. கடைசிப் பக்கத்தில் எழுத்தே இல்லை. இரண்டு கண்கள் மட்டும்.

அந்தக் காகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரைந்தவருக்கு எங்கள் செக்ரட்டரியைத் தெரிந்திருக்குமோ என்று தோன்றியது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, அக்கறையாகப் பேசுகிற முகம்.

ஒரு பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் அது ஒரு கதை. முப்பத்தாறு பிள்ளைகளுக்கும் இதையே கொடுத்தால், அத்தனை வீட்டு அம்மாவும் படுக்கையில் உட்கார்ந்து இதைப் படித்துக் காட்டுவாள். ஒவ்வொருத்தியும் குளத்துப் பக்கம் வரும்போது நிறுத்துவாள். செக்ரட்டரியும் தன் பெண்ணுக்குத் தானே வாய்விட்டுப் படிக்க வேண்டும். விழா மேடையில் அத்தனை பிரதிகளையும் அவர் கையாலேயே கொடுக்கவும் வேண்டும். நினைக்க நினைக்க எனக்கு இனித்தது.

முப்பத்தாறு பிரதி வேண்டும் என்றதும் கடைக்காரம்மா டேப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"எல்லாத்துக்கும் ஒரே புக்கா? இன்னாத்துக்கு? மூணு வயசு கொழந்தையும் கீது, பத்தாவது படிக்கிறதும் கீதுன்னீங்க. அத்தப் போய் அணில் கதை படிக்கச் சொன்னா தூக்கிப் போட்டுட்டுப் போவும்."

முதலில் ஏதோ சமாளித்தேன். அவர் விடவில்லை. டிசம்பரில் முப்பத்தாறு பிரதி ஒரே ஆளுக்கு விற்கிறது என்றால் யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொள்வார்கள், அவர் மூடவில்லை. கடைசியில் வாட்ச் கதையை முழுக்கச் சொன்னேன். யாரிடமும் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நடுவில் இரண்டு பேர் வந்து பில் போட நின்றார்கள், அவர்களும் கேட்டார்கள். முடித்ததும் கடைக்காரம்மா அவர்களுக்குப் பில் போட்டுக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நானா இருந்தா அன்னிக்கே அவ ஊட்டு வாசல்ல நின்னு கத்திருப்பேன். நீங்க ஒரு வருஷம் வெச்சிகினு கீறீங்க. சரி, உங்க இஷ்டம். பதிப்பகத்துல சொல்லி வரவெக்கிறேன்."

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கிய அன்று இரண்டு அட்டைப் பெட்டிகள் ஆட்டோவில் வந்தன. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். பொட்டலம் கட்டுவதற்குக் காகிதமும் ரிப்பனும் வாங்கி வைத்திருந்தேன். மகளிடம் எதுவும் சொல்லவில்லை. விழா முடிந்த பிறகு சொல்லலாம், அவளுக்காக நான் செய்தேன் என்று அப்போது தெரிந்தால் போதும் என்று இருந்தேன்.

அன்று மாலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மகள் கையில் ஒரு பிரதியோடு வந்து நின்றாள். படித்து முடித்திருந்தாள்.

"எல்லாப் பெட்டியிலயும் இதுதான் இருக்கு. எல்லாருக்கும் இதுதானா?"

ஆமாம் என்றேன். என்னால் அடக்க முடியவில்லை. அந்தக் காக்கா யாரென்று படிக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும், பார்த்துக்கொண்டே இரு என்று சொன்னேன். நான் சிரித்துக்கொண்டும் இருந்திருக்க வேண்டும்.

அவள் புத்தகத்தைப் புரட்டி நடுவில் ஒரு பக்கத்தை விரித்து என் கீபோர்டின் மேல் வைத்தாள். பறவைகள் சோதனை போட வரும் பக்கம். கூட்டின் வாயில் அம்மா அணில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. மழை கொட்டுகிறது. வால் நனைந்து தொங்குகிறது. அது அந்த இடத்தைவிட்டு அசையவில்லை என்று கீழே ஒரு வரி. அந்தப் பக்கத்தை நான் பத்துத் தடவையாவது புரட்டியிருப்பேன். காகம் எங்கே நிற்கிறது என்றுதான் பார்த்திருந்தேன்.

"இதுல அம்மா அணில் யாரையும் உள்ள விடலம்மா."

நான் அந்த வரியை மறுபடி படித்தேன்.

"நீதானே என் பையைக் கொட்டின. அந்த ஆன்ட்டி கேக்கத்தான் கேட்டாங்க."

உன்னை நம்பியதால்தான் கொட்டினேன், எதுவும் இருக்காது என்று எனக்குத் தெரியும் என்றேன்.

"நம்பினா ஏன் கொட்டின?"

அவள் அழவில்லை. சத்தமாகவும் கேட்கவில்லை. புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டாள். நான் ஸ்கிரீனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு வருடம் முழுக்க அந்தச் சனிக்கிழமையை மனதுக்குள் ஓட்டியிருக்கிறேன். செக்ரட்டரியின் குரல், அவர் புடவை, பென்சில் டப்பாவைத் திறந்த விரல்கள், எல்லாம் ஞாபகம் இருந்தது. பையைத் தலைகீழாகப் பிடித்திருந்த கைகள் என்னுடையவை என்பதைத்தான் நான் பார்க்காமலேயே இருந்தேன். அதனால் கோபம் தணிந்தது என்று சொல்ல மாட்டேன். தணியவில்லை. இரண்டு பேர் மேல் கோபமாக ஆனது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவள் தோசை சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து, தப்பு என்னுடையது, கொட்டியிருக்கக் கூடாது என்று சொன்னேன். ம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் சட்னி வேண்டும் என்றாள். வைத்தேன். புத்தகங்களை என்ன செய்வது என்று அவளையே கேட்டேன். திருப்பிக் கொடு என்றாள். அதைப் படித்தால் எல்லோரும் தன்னைத்தான் பார்ப்பார்கள், காக்காவைப் பார்க்க மாட்டார்கள் என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

அப்படியானால் வாட்ச் கிடைத்ததையாவது நான் எல்லோருக்கும் சொல்லட்டுமா என்று கேட்டேன். தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே யோசித்தாள்.

"என் பேரைப் போடாதே. கிடைச்சிருச்சுன்னு மட்டும் போடு."

பதினோரு மணிக்கு இரண்டாவது மாடிக்குப் போனேன். ஒரு வருடத்தில் அந்தக் கதவு முன்னால் நின்றது அதுதான் முதல் முறை. செக்ரட்டரி திறந்தார். பரிசுகள் விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்து உள்ளே வாங்க என்றார். நான் வாசலிலேயே நின்றேன்.

"உங்க பொண்ணு வாட்ச் போன வருஷமே கார்ல கிடைச்சிருச்சாமே."

அவர் முகத்தில் முதலில் ஒன்றும் மாறவில்லை. யார் சொன்னது என்று கேட்டார். அது தேவையில்லை என்றேன். பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்து, அந்தப் பழைய குரலில் பேசினார்.

"சொல்லணும்னுதான் நினைச்சேன். மறுபடி அந்தப் பேச்சை எடுத்தா உங்களுக்குத்தான் சங்கடம்னு விட்டுட்டேன்."

"எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. குரூப்ல கேட்டீங்க, குரூப்லயே சொல்லிடுங்க."

ஒரு வருடம் ஆகிவிட்டது, எல்லோரும் மறந்துவிட்டார்கள், பண்டிகை நேரத்தில் இது எதற்கு என்றார். அவர் பெண் ஹாலில் சோபாவின் பின்னால் நின்றிருந்தது. என் கண்ணைப் பார்த்ததும் குனிந்துகொண்டது. அந்தப் பிள்ளைக்கு முதலிலிருந்தே தெரியும் என்று எனக்குப் புரிந்தது. சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்திருப்பார்கள்.

அப்படியானால் நானே போடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது மாடிக்கு ஏறும் படியில் உட்கார்ந்து எழுதினேன். நான்கு தடவை அழித்தேன். காகம், திருடி, பொய், வெட்கம் எல்லாம் வந்து வந்து போயின. கடைசியில் நின்றது இதுதான்: "போன வருடம் இரண்டாவது மாடியில் காணாமல் போனதாக இங்கே சொல்லப்பட்ட வாட்ச், பத்தே நாளில் அவர்கள் காரிலேயே கிடைத்துவிட்டது. அப்போது தங்கள் பிள்ளைகளின் பைகளைச் சரிபார்த்த பெற்றோர்கள் அறியவும்."

அனுப்பியதும் அப்படி ஒரு நிறைவு. படித்தவர்களின் பட்டியலில் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கூடுவதைப் படியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். பிறகு சி பிளாக்கிலிருந்து ஒரு அம்மா எழுதினார்: எங்கள் பையன் பையையும் வந்து பார்த்தார்கள். அடுத்து இன்னும் இரண்டு பேர்: எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். நான் எங்கள் வீடு ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அன்று மாலை அவர் நான்கு வீடு ஏறியிருக்கிறார். நான்கு வீட்டிலும் பையைக் கொட்டிக் காட்டியிருக்கிறோம். நான்கு பேரும் வெளியே சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

மதியம் செக்ரட்டரி எழுதினார். சாரி, அப்டேட் பண்ண மறந்துட்டேன். பக்கத்தில் ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம். அந்த மஞ்சள் முகத்தைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது. ஏ பிளாக்கில் பென்ஷன் வாங்கும் ஒருவர், பிள்ளைகளிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன் என்று எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை.

வேறொன்றும் நடந்தது. அந்த வாரமே செக்ரட்டரி, இனி என் காரைத் தொட வேண்டாம் என்று கார் துடைக்கிறவரிடம் சொல்லிவிட்டார். நான் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் யார் சொல்லியிருப்பார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும். எங்களிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். அதையாவது தினமும் துடையுங்கள் என்று நான் குற்ற உணர்ச்சியோடு கேட்டபோது, அவர் சாதாரணமாகச் சொன்னார்: "உடும்மா. அந்தம்மா கார்ல நாய் முடியா கீது, எவன் எட்த்துகினு கெடப்பான்." பைகளைக் கொட்டிய மற்ற மூன்று வீட்டில் இரண்டு வீட்டார் தங்கள் காரை அவரிடம் விட்டார்கள்.

புத்தாண்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது நானும் மகளும் இரண்டு பெட்டிகளோடு ஆட்டோவில் கடைக்குப் போனோம். கடைக்காரம்மா பெட்டிகளைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்குப் புத்தகம் கேட்டிருக்கிறார்கள், அங்கே தள்ளிவிடுகிறேன் என்றார். ஒவ்வொரு பிரதியையும் எடுத்து ஓரத்தைப் பார்த்து, மடங்கியிருந்த இரண்டை மட்டும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதற்கு மட்டும் முகத்தைக் கொஞ்சம் சுளித்தார்.

பிறகு நாங்கள் முப்பத்தாறு புத்தகங்கள் தேர்ந்தெடுத்தோம். நாங்கள் என்று சொல்வதே தப்பு, மகள்தான் எடுத்தாள். நான் பட்டியலில் பெயரைப் படிப்பேன், அவள் அலமாரிக்குப் போவாள். பி பிளாக்கில் ஒரு சின்னப் பையன் தண்ணீர் லாரி வந்தால் ஹோஸைச் சுருட்டும் வரை பக்கத்தைவிட்டு நகர மாட்டானாம். அவனுக்கு வண்டிகள் புத்தகம். இரட்டைப் பிள்ளைகளுக்கு வேறு வேறு வாங்கினால் அடித்துக்கொள்வார்கள், ஒரே மாதிரி இரண்டு. பத்தாவது படிக்கும் அண்ணன் மாடிப்படியில் யாரும் இல்லாதபோது பாடுவான், அவனுக்கு வாத்தியங்கள் பற்றியது. ஆறாவது படிக்கும் அக்காவுக்குத் தமிழ் சரியாக வாசிக்க வராது, ஆனால் சின்னப் பிள்ளைப் புத்தகம் கொடுத்தால் அவமானமாக இருக்கும், அதனால் படமும் இருக்க வேண்டும், பெரியவர்கள் புத்தகம் மாதிரியும் இருக்க வேண்டும். கடைக்காரம்மா ஏணி போட்டு ஏறி அப்படி ஒன்றைத் தேடி எடுத்தார்.

இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். ஒரு வருடம் பால்கனியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். வேறு எப்படி.

கடைசியாக ஒரு பெயர் மிச்சம் இருந்தது. அதை நான் வேண்டுமென்றே கடைசியில் வைத்திருந்தேன். படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கடைசி அலமாரிக்குப் போய், கீழ்த்தட்டில் குனிந்து, ஒரு தடிமனான புத்தகத்தைத் தூக்கி வந்தாள். ஐந்நூறு கணக்குப் புதிர்கள்.

"அவளுக்குக் கணக்குன்னாலே பிடிக்காது."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைக்காரம்மா என்னைப் பார்த்தார். அம்மாவாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொல்லவில்லை. இருப்பதிலேயே நல்ல காகிதத்தில் சுற்றி, மேலே ரிப்பனும் கட்டிக் கொடுங்கள் என்றேன்.

புத்தாண்டு அன்று மாலை ஐந்து மணிக்கு, கார் நிறுத்தும் இடத்தைக் காலி செய்து விழா. மைக்கில் பெயரைப் படித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் செக்ரட்டரிதான் பரிசு கொடுத்தார். அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன், கொடுக்கவில்லை. அந்தத் தைரியம் அவருக்கு இருந்தது. என் மகள் பெயர் வந்தது. அவள் போனாள். மேடை என்று பெயருக்குப் போட்டிருந்த பலகை மேல் ஏறினாள். செக்ரட்டரி பொட்டலத்தைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். மைக்கில் இருந்த பொத்தானைக் கட்டை விரலால் அழுத்திவிட்டுக் குனிந்து ஏதோ சொன்னார். மகள் பதில் சொன்னாள். அவர் நிமிர்ந்து, மறுபடி குனிந்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். இந்தத் தடவை முதல் வரிசையில் இருந்தவர்கள் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இறங்கி வந்ததும் என்னவென்று கேட்டேன்.

"சாரின்னு சொன்னாங்க. மைக்கை ஆஃப் பண்ணிட்டுச் சொன்னாங்க. காது கேக்கல ஆன்ட்டின்னு நான் சொன்னேன்."

உண்மையிலேயே கேட்கவில்லையா என்றேன்.

"கேட்டுது."

நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதில் பெருமைப்படக் கூடாது என்று சிலர் சொல்லலாம். நான் பட்டேன்.

பொட்டலங்களைப் பிரிக்கச் சொன்னதும் ஒரே கூச்சல். எதிர் வரிசையில் செக்ரட்டரியின் பெண் ரிப்பனை அவிழ்த்து, காகிதத்தைக் கிழித்து, அட்டையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பக்கம் புரட்டினாள். பிறகு தலையைத் தூக்கி நேராக என் மகளைப் பார்த்தாள். யார் எடுத்தது என்று அவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் இல்லை. நாக்கை வெளியே நீட்டினாள். என் மகளும் நீட்டினாள். பிறகு இரண்டும் சிரித்துவிட்டன. அவர்களுடைய விவகாரம் அதோடு தீர்ந்தது. பள்ளி திறந்த மூன்றாம் நாள், வேனில் பழைய சீட்டுக்கே இவள் திரும்பிப் போய்விட்டாள்.

செக்ரட்டரியும் நானும் இன்றுவரை பேசுவதில்லை. அவர் லிஃப்டில் இருந்தால் இப்போது நான் படியேறிப் போவதில்லை. உள்ளே போய், அவர் பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன். நான்காவது மாடி வரை போக வேண்டியது நான்தான். இரண்டாவது மாடி வருவதற்குள் அவர்தான் என் கண்ணைத் தவிர்த்துத் தன் போனைப் பார்க்கத் தொடங்குகிறார்.